இலையில் ஒரு கறுப்புக் கோடு

ஜனவரி 9

ஆறு நாளாக மழை. பசுமைக்குடிலில் ஹெல்லிபோர் என்ற குளிர்காலப் பூச்செடிகளின் பழைய இலைகளை வெட்டி முடித்தேன். மொட்டுகள் மண்ணை முட்டிக்கொண்டு வருகின்றன. நர்சரியைத் திறந்து செடி விற்கும் திறப்பு நாள் பிப்ரவரி 18. வருஷத்தில் அந்த ஒரு சனிக்கிழமைக்காகத்தான் மலையேறி அத்தனை பேரும் வருகிறார்கள். அதற்குள் பூக்குமா? சாப்பிடும்போது மூன்று முறை எழுந்து ஜன்னலருகே போனேனாம். கணவர் இட்ரிஸ் சொன்னார்: "உன் நாற்காலிய நாய்க்குக் குடுத்துரலாம். அதாவது உக்காரும்."

ஜனவரி 14

வெளிர் ஆரஞ்சுப் பாதாமி நிறப் பூவின் தாய்ச்செடி. பதினெட்டு வருஷம் தூரிகையால் மகரந்தம் தடவித் தடவி நான் எடுத்த நிறம். அதன் புது இலையில் நரம்பையொட்டி ஒரு கறுப்புக் கோடு. பனி சுட்டிருக்கும். அல்லது நத்தை.

நத்தை இப்படி நேர்க்கோடு போடுமா?

ஜனவரி 15

இன்னும் மூன்று செடிகளில்.

ஜனவரி 19

இலைகளைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டேன். பதினோரு செடி. தண்டிலும் கோடு, மொட்டு முறுக்கிக்கொண்டு நிற்கிறது. இந்த நோய்க்குச் செடிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் கறுஞ்சாவு. இதுவரை எங்கள் பக்கம் அது வந்ததில்லை. இட்ரிஸிடம் சொன்னேன். பள்ளிப் பேருந்து ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"பதில் வர்ற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாத. திறப்பு நாள் முடியட்டும்."

"வித்துட்டு அப்புறம் சொல்றதா?"

"நான் அப்படிச் சொல்லல."

அப்படித்தான் சொன்னார். எனக்கும் அதே எண்ணம் ஓடியதால்தான் அவர்மேல் அவ்வளவு கோபம் வந்தது.

ஜனவரி 27

வைரஸ்தான். மருந்து கிடையாது. அசுவினிப் பூச்சி செடிக்குச் செடி கொண்டுபோகிறதாம். தோண்டி எரிக்கச் சொல்கிறார்கள்.

ஜனவரி 29

எரித்தோம். ஈரச் செடி எங்கே எரியும்? புகைதான். நல்லதாகத் தெரிந்த செடிகளையாவது வைத்துக்கொள்ளலாமா என்று நாற்பதைத் தனியே எடுத்து வைத்தேன். மத்தியானம் வரை அவற்றையே சுற்றிச் சுற்றி வந்தேன். ஒன்றில் கோடு இருப்பதுபோல் தெரியும், வெளிச்சத்தில் பார்த்தால் இருக்காது. கடைசியில் இட்ரிஸ்தான் கேட்டார்: "இதுகள வச்சுக்கிட்டா நிம்மதியா இருப்பியா?" நானே தூக்கிப் போட்டேன். பாதாமியையும். அவர் மறுபக்கம் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த குவியலைக் கிளறினார்.

ஜனவரி 31

மூன்று வருஷத்தில் என்னிடம் ஹெல்லிபோர் வாங்கியவர்கள் நூற்று நாற்பது பேர். நோயைச் சொல்லி அவர்களுக்கு அனுப்பும் கடிதத்தை ஒன்பது தடவை எழுதினேன். முதல் எட்டிலும் என்னைக் காப்பாற்றிக்கொள்கிற வரி ஏதாவது ஒன்று இருந்தது. ஒன்பதாவதை எல்லாருக்கும் தபாலில் சேர்த்துவிட்டேன். இனி திரும்ப எடுக்க முடியாது.

பிப்ரவரி 3

டெலித் போன் செய்தாள். மலைக்கு அந்தப் பக்கம் நர்சரி வைத்திருக்கிறாள்; முப்பது வருஷச் சிநேகிதம். போன வருஷம் என்னிடமிருந்து முப்பது செடி கொண்டுபோய்ப் பிரித்து விற்றவள்.

"ஏண்டி, புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? வாய மூடிட்டு இருந்திருந்தா யாருக்குத் தெரியப்போகுது?"

"உன் செடியையும் பாரு, டெலித்."

"என் தோட்டத்துல ஒண்ணுமில்ல. நீ ஊரைக் கூட்டினதுல இப்ப என்கிட்ட வாங்கினவங்களும் கேக்கறாங்க. உன் பேரோட என் பேரும் போச்சு."

வைத்துவிட்டாள். அவள் சொன்னது தப்பும் இல்லையே. யாருக்காக எழுதினேன்? அவர்களுக்காகவா, நான் தூங்குவதற்காகவா? அப்படியும் தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 18

திறப்பு நாள். கேட்டைப் பூட்டிவிட்டு, கழுவிய தொட்டிகளையே மறுபடி கழுவினேன்.

பிப்ரவரி 22

திருமதி ப்ரோதெரோ வந்தார். என்னிடம் வாங்கிய செடியைக் கணவர் கல்லறையில் வைத்திருக்கிறாராம். "அதையுமா தோண்டணும்?" பூட்ஸ்கூட மாற்றாமல் அவர் காரிலேயே போனேன். நன்றாகத்தான் பூத்திருந்தது. அடி இலையைத் திருப்பினேன், கோடு இருந்தது. தோண்டுவதற்கு முன் அவரைத் திரும்பிக்கொள்ளச் சொன்னேன். கேட்கவில்லை, நின்று பார்த்தார்.

"மன்னிச்சுக்கோங்க."

"அவருக்குப் பூவே பிடிக்காதும்மா. எனக்காகத்தான் வச்சேன்," என்றார். குழியை எட்டிப் பார்த்து, "இந்தக் குழியில வேற என்ன வைக்கலாம்?"

என்னிடம் இருந்ததிலேயே நல்ல எபிமீடியத்தை, நிழலிலும் பூக்கும் செடி அது, கொண்டுவந்து நட்டேன். வீடு திரும்பும் வழியில்தான் அழுகை வந்தது.

மார்ச் 6

இதுவரை நாற்பத்திரண்டு பதில். ஒருவர் திட்டி எழுதியிருக்கிறார். ஒருவர் எரித்த குவியலைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார், ஒரு வார்த்தைகூட இல்லாமல். அது திட்டா, ஆறுதலா? அந்தப் படத்தை எத்தனை முறை எடுத்துப் பார்ப்பது.

மார்ச் 20

டிரில்லியம் என்ற மூவிதழ்ப் பூவின் விதை போட்டேன். பூக்க ஏழு வருஷம். எனக்கு அறுபத்தொன்று. இட்ரிஸ் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஹெல்லிபோர் இருந்த மூன்றாம் பாத்தி காலியாகக் கிடக்கிறது. அந்த வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறேன்.

ஏப்ரல் 11

காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்போது டெலித் போன். பிப்ரவரிக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. வானிலை பற்றிப் பேசினாள். ஆட்டுக்குட்டிகள் பற்றிப் பேசினாள்.

"நெஸ்டா, பதினாலு செடியில இருக்கு."

வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தேன்.

"என்கிட்ட வாங்கினவங்க இருநூறு பேரு இருப்பாங்க. உன் கடிதத்த அன்னிக்கே கிழிச்சுப் போட்டுட்டேன். அதுல என்னடி எழுதியிருந்தே?"

மேஜை இழுப்பறையிலிருந்து நகலை எடுத்தேன்.

"மெதுவாப் படி, எழுதிக்கறேன்," என்றாள்.

படித்தேன். "நான் உங்களுக்குக் கொடுத்த செடியில் நோய் இருக்கலாம். அதை நான் முன்பே கவனித்திருக்க வேண்டும்." அந்த இரண்டாவது வரியில் அவள் பேனாச் சத்தம் நின்றுவிட்டது. அந்த வரியை விட்டுவிடலாம் என்று நானே சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. சொல்லவில்லை.

"ம்," என்றாள் கடைசியில். "எழுதிட்டேன். மேல படி."