பச்சை பெயிண்ட் அடித்த வாச்சி

சங்கரன்கோவில்,
12-11-1983

மகன் வெள்ளத்துரைக்கு அம்மா எழுதிக்கொண்டது. நீயும் மருமகளும் பிள்ளையும் அந்தப் பிலாய்க் குளிரில் சுகமாக இருக்கக் கோமதியம்மனை வேண்டுகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உன் அப்பாவுக்குக் காய்ச்சலும் இல்லை, தலைவலியும் இல்லை, ஆனாலும் மனுஷன் சுகமாக இல்லை. இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் எழுத விடமாட்டார்.

உன் கடிதமும் போட்டோவும் வந்தன. ஆடித்தபசு லீவில் வந்து நீ பளபளவென்று ஆக்கிவிட்டுப் போன அப்பாவின் பழைய சாமான்களைப் போட்டோவில் பார்த்து உன் ஆபீஸ்காரர்கள் மெச்சினார்கள் என்று எழுதியிருக்கிறாய். பொங்கலுக்கு வரும்போது அந்தத் தேய்க்கிற மெஷினைத் திரும்பக் கொண்டுவந்து, மீதிப் பெட்டியில் கிடப்பதையும் தேய்த்துப் பெயிண்ட் அடித்துத் தருவாயாம். அந்த மெஷினோடு இந்த வாசல்படி ஏறினாயானால் பெற்ற பிள்ளை என்று பார்க்க மாட்டேன். உன்னைத் திட்ட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்திருக்கிறேன், அதனால் மருமகளுக்குப் படித்துக் காட்டாமல் நீ மட்டும் படி.

அந்த இரும்புகள் மேல் எனக்கு ஒரு பாசமும் கிடையாது. பஞ்சாலை வேலையை விட்டு வந்த நாளிலிருந்து பின்கட்டு முழுக்க மரம் செதுக்குகிற வாச்சி, உளி, அரம், ஸ்பேனர் என்று நிரப்பிவைத்திருக்கிறார், துணி காயப்போட இடமில்லை என்று நான் சண்டை போட்டு ஓய்ந்துவிட்டேன். ஆனால் அவை எப்படி வந்தன என்று உனக்குத் தெரியாதா? தச்சு வேலை, பட்டறை வேலை, லாரி வேலை பார்த்தவர்கள் செத்துப்போனால், அவர்கள் புழங்கிய சாமானைக் காயலான் கடையில் போட மனசு வராத வீட்டுக்காரர்கள் இங்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். அப்பா மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, பிடிக்கு நல்லெண்ணெய் தடவி வைப்பார். சரஸ்வதி பூஜையன்று அந்தந்த வீட்டார் வந்து தங்கள் ஆளின் சாமானுக்குச் சந்தனம் வைத்து, பொரிகடலை வாங்கிக்கொண்டு போவார்கள். எது யாருடையது என்பதற்கு அவரவர் இருக்கும்போது போட்ட அடையாளம்தான் சாட்சி. மேலநீலிதநல்லூர் தச்சர் மூக்காண்டி தன் வாச்சிப் பிடியில் குறுக்கே கீறி வைத்திருந்தார். லாரி மெக்கானிக் ஆதம் பாய் ஸ்பேனர் கழுத்தில் அரத்தால் இரண்டு கோடு இழுத்திருந்தார். துருவைத்தான் எடுக்கணும்லே, ஆளை எடுக்கப்பிடாது என்று அப்பா உன்னிடமும் சொல்லியிருக்கிறார். நீ எந்தக் காதில் வாங்கினாயோ.

நானும் அப்பாவும் திருவேங்கடத்துக்கு ஒரு துட்டி வீட்டுப் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் நீ கைவரிசையைக் காட்டிவிட்டாய். கீறலும் கோடும் உனக்கு அழுக்காகத் தெரிந்திருக்கிறது. எல்லாவற்றையும் மொழுமொழுவென்று தேய்த்து, பிடிகளுக்கெல்லாம் டவுன் பஸ்ஸுக்கு அடிக்கிற மாதிரி ஒரே பச்சை பெயிண்ட் அடித்து, சின்னது பெரியது பார்த்துப் பலகையில் மாட்டிவைத்திருந்தாய். அப்பா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு நல்லாருக்குலே என்றார். அதை நீ நம்பிவிட்டாய். அவர் கையில் ஒரு வாச்சியைக் கொடுத்துப் போட்டோ எடுத்தாய், மறுநாள் ரயில் ஏறிவிட்டாய். அப்பா முகத்தைப் பார்த்துப் படிக்கத் தெரியாத உனக்கு அத்தனை வருஷப் படிப்பு எதற்கு என்று நான் கேட்கிறேன்.

சரஸ்வதி பூஜைக்கு மூக்காண்டி சம்சாரம் தங்கத்தாய், மகள் பூமாரியைக் கூட்டிக்கொண்டு சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். அப்பா தடவித் தடவிப் பார்த்து ஒரு வாச்சியை எடுத்துக் கொடுத்தார். அவள் பிடியைத் திருப்பிப் பார்த்தாள். அண்ணாச்சி, இது புதுசுல்லா, எங்க வீட்டுக்காரர் வாச்சி எங்க என்றாள். கடையில புதுசு வாங்கி மாட்டிட்டு எங்களுதை எங்கன வித்திய என்று அத்தனை பேர் நடுவில் கேட்டாள். கிண்ணத்தில் சந்தனம் அப்படியே இருக்கத் திரும்பிப் போனாள். ஆதம் பாய் சம்சாரம் ஜுலைகா பீவிக்குச் சந்தனம் வைக்கிற வழக்கமில்லை, வருஷாவருஷம் வந்து அந்த ஸ்பேனரைத் தொட்டுவிட்டுப் போவாள். இந்தத் தடவை தொடுவதற்கு எது என்று தெரியாமல் நின்றுவிட்டு, நீட்டிய கையை மடக்கிக்கொண்டு போனாள். தங்கத்தாய் பேசியதைவிட அதுதான் அவரைக் கொன்றுவிட்டது.

இப்போது ஊரில் உன் அப்பாவுக்குப் பெயர் திருடன். செத்தவன் சாமானை விற்றுத் தின்றவன் என்று கடைத்தெருவில் பேசுகிறார்கள். எங்க சாமானைத் திருப்பிக் கொடுங்க என்று வருகிறவர்களுக்கு எதைக் கொடுக்க? ஒரே உளியை இரண்டு வீட்டார் தங்களது என்று பிடித்து இழுத்தார்கள். அன்றைக்குப் பின்கட்டைப் பூட்டியவர்தான், இன்னும் திறக்கவில்லை. டீ குடிக்கக்கூட வெளியே போவதில்லை. தங்கத்தாய் கேட்ட அன்றே, இது எங்க பய பார்த்த வேலை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். ஒரு முறை முறைத்து அடக்கிவிட்டார். பிறகு கேட்டதற்கு, அவன் லீவுக்கு வந்தா இந்தத் தெருவுல தலை நிமிந்து நடக்கணும்லா, நான் இங்கனயே கிடக்கவன், என்னை என்ன சொன்னா என்ன என்கிறார். கேட்டாயா? உனக்காக அந்த மனுஷன் திருடன் பட்டம் சுமந்துகொண்டிருக்கிறார், நீ அங்கே போட்டோவைக் காட்டிப் பேர் வாங்கிக்கொண்டிருக்கிறாய்.

பொங்கலுக்கு வா. வெறுங்கையோடு வா. வந்ததும் முதலில் மேலநீலிதநல்லூர் பஸ் ஏறித் தங்கத்தாய் வீட்டுக்குப் போ, பிறகு ஜுலைகா பீவி வீட்டுக்கு, அதன் பிறகு மற்ற வீடுகளுக்கு. விற்கவில்லை, நான்தான் தேய்த்து அழித்தேன் என்று உன் வாயால் சொல். ஏசுவார்கள், நின்று கேட்டுக்கொள். அதைச் செய்ய முடியாது என்றால் பொங்கலை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை.

பிள்ளைக்குச் சளி விடவில்லை என்று எழுதியிருந்தாய். தூதுவளை காயவைத்து இடித்துப் பார்சலில் அனுப்புகிறேன், தேனில் குழைத்துக் கொடுக்கச் சொல். தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். இங்கே கரிசலில் பருத்தி போட்டுவிட்டு மழைக்குப் பார்த்திருக்கிறார்கள். நீ நல்லாயிரு, குடும்பத்தோடு நல்லாயிரு. எவ்வளவு கோபமாக இருந்தாலும் அதைச் சொல்லாமல் முடிக்க எனக்கு வரவில்லை.

நீ அனுப்பிய போட்டோவை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். வாச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா சிரிக்கிறார் என்று எழுதியிருந்தாய். முகத்தை விட்டுவிட்டு அவர் கையைப் பார். மூக்காண்டி கீறி வைத்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு நிற்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா
பேச்சித்தாய்