டொக்டர் வரும் இடத்தில் படம் நடுங்கும்

11.01.1995, புதன்

ஐந்தாம் பாகம், இருபத்தேழாவது தடவை. ஜன்னல்களுக்குச் சாக்குக் கட்டி, பகல் இரண்டு மணிக்கே முன்னறையை இருட்டாக்கினோம். பக்கத்துக் காணிக் கணபதி ஜெனரேற்றருக்கு இரண்டு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஏமாற்றி, மண்ணெண்ணெயில் ஓட விட்டான். முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். சண்டை நிறுத்தம் வந்து மூன்று நாள்தான், அதற்குள் வட்டக்கச்சிச் சனத்துக்குச் சிரிக்கத் தெம்பு வந்துவிட்டது.

'இன்ஸ்பெக்டர் கார்மேகம்' மொத்தம் பதின்மூன்று பாகம். இந்தியத் தொலைக்காட்சியில் போனதை யாரோ புண்ணியவான் நாலு கசெற்றில் பிடித்து வைத்தான். என்னிடம் இருப்பது மூன்று கசெற், பன்னிரண்டு பாகம். கொலைகாரன் பதின்மூன்றாவதில் இருக்கிறான். நாலு வருடமாக ஒரு ஊரே கொலைகாரன் யாரென்று தெரியாமல் சோறு தின்கிறது.

செத்தவர் ஒரு பணக்காரர். சந்தேக நபர்கள் நால்வர்: மருமகன், இரண்டாம் தாரம், சமையல்காரன், குடும்ப டொக்டர். இந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நாலு பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன். கொன்றது டொக்டர். ஐந்தாம் பாகத்தில் அவர் கதிரையில் சாய்ந்து சிரிப்பார், அப்போது மட்டும் படம் நடுங்கும், கோடு கோடாய் விழும். வேறு ஒருவருக்கும் அப்படி இல்லை. இது டைரக்டர் தெரிந்தேதான் செய்தது. கவனிக்கிறவனுக்கு மட்டும் காட்டிக்கொடுக்கிறான்.

பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் பதினாறு வருடம் ஆய்வுகூடத்தில் இருந்தவன் நான், கண்ணால் கண்டதை வைத்துத்தான் முடிவுக்கு வருவேன் என்று எல்லோருக்கும் சொன்னேன். என் மனைவி சிவரூபி இருந்த இடத்திலிருந்தே, "போத்தில் கழுவின ஆள்" என்றாள். சபை சிரித்தது.

13.01, வெள்ளி

கார்மேகம் விசாரிக்கும்போது கச்சான் கடலை உடைத்துத் தின்பார். அதைப் பார்த்து முப்பத்தொரு பேரும் தின்ற கச்சான் கோது இன்னும் முன்னறையில் கிடக்கிறது. சிவரூபி விளக்குமாற்றை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

18.01, புதன்

கணபதிக்கும் எனக்கும் பந்தயம். அவன் மருமகன் என்கிறான், நான் டொக்டர் என்கிறேன். தோற்றவன் மீசையை எடுக்க வேண்டும். சமையல்காரனை மட்டும் அவன் சந்தேகப்படவே விடமாட்டான். "ஏழைன்னா உடனே சந்தேகமா அண்ணே?" என்பான். அவனுடைய குடும்பம் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்து குடியேறியது. அவனுக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு.

பதின்மூன்றாம் பாகம் கிடைக்காதவரை இரண்டு மீசைக்கும் ஆபத்தில்லை.

29.01, ஞாயிறு

கணபதி தண்ணீர்ப் பம்புக்குச் சாமான் வாங்க வவுனியா போய் வந்தான். சாமானோடு ஒரு செய்தியும் கொண்டுவந்தான்.

"அன்ஸார் அண்ணனைப் பாத்தேன். பஜார்ல ரேடியோ திருத்துறாரு. பரமேஸ் அண்ணன் மூணு கசெட்டையும் பத்திரமா வச்சிருக்காரான்னு கேட்டாரு."

எனக்கு முதலில் வந்த எண்ணத்தை உள்ளபடி எழுதுகிறேன்: நாலாவது கசெற் அவனிடம் இருக்கும்!

இரண்டாவது எண்ணம் வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதை இன்று எழுத மனமில்லை.

02.02, வியாழன்

சரி, எழுதுகிறேன்.

பரந்தன் சந்தியில் வீடியோக் கடை வைத்திருந்தவன் அன்ஸார். தொண்ணூறாம் ஆண்டு தீபாவளிக்கு இந்த மூன்று கசெற்றையும் அவனிடம்தான் வாடகைக்கு எடுத்தேன். நாலாவது பளையில் ஒரு கலியாண வீட்டில் நிற்கிறது, வந்ததும் தருகிறேன் என்றான். கல்லாவில் இருந்த அவன் மனைவி சபூறா கொப்பியில் என் பெயரை எழுதி, "பிந்தினால் வீட்டுக்கு ஆள் வரும்" என்றா. பகிடியாகத்தான் சொன்னா.

பத்து நாள்கூட ஆகவில்லை. முஸ்லிம் சனம் எல்லோரையும் ஊரைவிட்டே போகச் சொன்னார்கள். யார் சொன்னார்கள் என்று எழுத மாட்டேன், இந்தக் கொப்பியை நான் மட்டுந்தான் படிக்கிறேன் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நான் சந்தைக்குப் போகும்போது சனம் நடந்து போய்க்கொண்டிருந்தது, பையும் பிள்ளைகளுமாக. சைக்கிளை விட்டு இறங்கி நின்றேன். அவ்வளவுதான்.

நான் என்ன செய்திருக்கேலும்? எல்லாரும் பாத்துக்கொண்டுதானே நிண்டவை. நானும் நிண்டன். பிறகு ஏறி ஓடிப் போட்டன்.

மூன்றாம் நாள் கடையில் ஒரு பலகையும் மிச்சமில்லை. நான் எடுக்கவில்லை. எடுத்தவனிடம் ஒன்று வாங்கினேன். எங்கள் கோழிக்கூட்டுக் கதவு அதுதான், நீலப் பெயின்ற்.

கார்மேகம் ஒவ்வொரு பாகத்திலும் சொல்வார்: "இங்கே யார் இருக்காங்கன்னு பார்க்காதே. யார் இல்லேன்னு பாரு." நாலு வருடமாக நானும் அதே குரலில், கச்சானை வாயில் போட்டுக்கொண்டு, ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லித் திரிகிறேன்.

07.02, செவ்வாய்

கசெற்றைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்றதும் ஒழுங்கையே கொதிக்கிறது. அன்ஸாருக்குத்தான் முடிவு தெரியுமே, அவனுக்கு ஏன் கசெற் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி போல இருந்தது. சிவரூபியிடம் சொன்னேன்.

"இரவல் எடுத்தனீங்கள். கொண்டுபோய்க் குடுங்கோ. அதுக்கும் துப்பறிய வேணுமோ?"

வவுனியாவில் கண்ணாடி மாற்ற வேண்டுமென்று, வெளியே போகும் பாஸுக்கு எழுதிக் கொடுத்தேன். பொய்யில்லை, எழுத்து இரண்டிரண்டாய்த் தெரிகிறது.

20.02, திங்கள்

பாஸ் கிடைத்தது. கசெற்றில் என்ன என்று பாஸ் கந்தோரில் கேட்டார்கள், நாடகம் என்றேன். பார்த்துவிட்டுத்தான் தருவோம் என்று வாங்கி வைத்தார்கள். ஆறு நாள். இன்று திருப்பித் தந்த ஆள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்: "ஐயா, முடிவு எங்க?"

23.02, வியாழன். வவுனியா

நேற்றுத் தாண்டிக்குளம் சோதனைச் சாவடியில் ஆமியும் கசெற்றை வாங்கி உள்ளே கொண்டுபோனது. மூன்று மணித்தியாலம் வெயிலில் இருந்தேன். பிறகு ஒரு பெரியவர் வெளியே வந்து, தமிழ் தெரிந்த ஒருவனை வைத்துக் கேட்டார், கொலைகாரன் யாராம். டொக்டர் என்றேன். தலையாட்டினார், அவருக்கும் அதே சந்தேகமாம். இரண்டு பக்கமும் ஒத்துப்போன விஷயம் என் வாழ்நாளில் இது ஒன்றுதான்.

அன்ஸார் மெலிந்துபோயிருக்கிறான். தலை பாதிக்கு மேல் நரைத்துவிட்டது, என்னைவிட எட்டு வயது இளையவன். நோன்பு காலம். எனக்கு மட்டும் பக்கத்துக் கடையிலிருந்து தேத்தண்ணி எடுப்பித்தான். "நீங்கள் குடியுங்கோ அண்ணை" என்று அவனே கிளாசை என் பக்கம் தள்ளினான்.

மூன்று கசெற்றையும் மேசையில் வைத்தேன். சேட்டு நுனியால் துடைத்தான். நாலாவதைப் பற்றிக் கேட்டேன், கடையோடு போய்விட்டது என்றான்.

கதை நின்றுவிடுமோ என்ற பயத்தில் டொக்டரைப் பற்றிய என் துப்பை அவிழ்த்துவிட்டேன். படம் நடுங்குவது, கோடு விழுவது, டைரக்டரின் கெட்டித்தனம், எல்லாம். அன்ஸார் சிரிக்கத் தொடங்கினான். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது, துடைப்பது நிற்கவில்லை.

"அது சபூறா, அண்ணை. அவவுக்கு அந்த டொக்டரைப் பிடிக்கும். கடையில ஆக்கள் இல்லாட்டி அந்த இடத்தையே திருப்பித் திருப்பிப் போடுவா. நான் ஏசுவன், கசெற் தேயுது எண்டு."

சபூறா எங்கே என்று கேட்டேன். தொண்ணூற்றிரண்டில், புத்தளத்தில், முகாமில் காய்ச்சலில் மௌத்தாகிவிட்டாவாம்.

எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் என்ன, கேட்டால்தானே தெரியும்? டொக்டரைப் பற்றி நூறு பேரிடம் கேட்டிருப்பேன். அவவைப் பற்றி ஒரு நாய்கூட— நான்தான் அந்த நாய். ஒரு ஆளிட்டயும் கேக்கேல்லை.

பக்கத்துக் கடையில் டெக் இருந்தது. ஐந்தாம் பாகத்தைப் போட்டோம். டொக்டர் சிரித்தார், படம் நடுங்கியது. அன்ஸார் நிற்பாட்டி, பின்னால் ஓடவிட்டு, மறுபடி போட்டான். நாலு தடவை. நான் படத்தைப் பார்க்கவில்லை.

ஐந்தாம் பாகம் இருந்த அந்தக் கசெற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் என் பையில் வைத்தான். "இது உங்களிட்ட நிக்கட்டும். அடுத்த முறை வரேக்க கொண்டு வாங்கோ." வாசலில் வைத்து, கடை இருந்த இடத்தில் இப்போது என்ன நிற்கிறது என்று கேட்டான். பத்தைக்காடு என்றேன். கோழிக்கூட்டைச் சொல்ல வாய் வரவில்லை.

அவனுக்கு முடிவு தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். நான் கேட்கவில்லை என்பது தங்கும் இடத்துக்குத் திரும்பி அரை மணித்தியாலத்துக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

26.02, ஞாயிறு

மீசையை எடுத்துவிட்டேன். கொலைகாரன் யாரென்று கணபதி பறந்தான். தெரியாது, ஆனால் டொக்டர் இல்லை என்றேன். அவனுக்கு வெற்றியா இல்லையா என்று விளங்காமல் தன் மீசையைத் தடவிக்கொண்டு போனான். சிவரூபிக்கு மட்டும் எல்லாம் சொன்னேன். அவள் என் மேலுதட்டைப் பார்த்துச் சிரிக்கத்தான் வந்தவள், பிறகு குசினிக்குள் போய்விட்டாள்.

பின்னேரம் நீலப் பலகையைக் கழற்றிக் கழுவி அலுமாரிக்குப் பின்னால் வைத்தேன். கோழி ஏழும் வீட்டுக்குள்.

20.04, வியாழன்

சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது. பாதை பூட்டு. கண்ணாடி புதிது, பார்க்கத்தான் ஒன்றுமில்லை.

30.04, ஞாயிறு

சனம் விடவில்லை. ஜன்னலுக்கு இரட்டைச் சாக்கு, பகல் இரண்டு மணி. முதலாம் கசெற்றும் மூன்றாம் கசெற்றும் ஓடின. நடுவில் இல்லாத நாலு பாகத்தை நான் எழும்பி நின்று சொன்னேன், டொக்டரின் சிரிப்பு உட்பட. மீசையில்லாமல் அந்தச் சிரிப்பு நன்றாக வருகிறதாம்.

ஒன்பதாம் பாகத்தில் கார்மேகம் கச்சானை வாயில் போட்டு, "யார் இல்லேன்னு பாரு" என்றார். வழக்கம்போல முப்பது வாயும் அவரோடு சேர்ந்து சொன்னது. நான் டெக்கை நிற்பாட்டினேன்.

"பரந்தன் சந்தியில ஆர் இல்லை?" என்று கேட்டேன்.

குரல் நடுங்கிவிட்டது. கணபதி நிலத்தைப் பார்த்தான். சிவரூபி என்னைப் பார்த்தாள், நிறுத்தச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"சபூறா இல்லை" என்றாள்.

பிறகு பின்னாலிருந்து கணபதியின் மனைவி வீரம்மா, தேத்தண்ணிக் கடை நிஸாரு இல்லை என்றா. துணி தைத்துத் தந்த றிஃப்னா என்று இன்னொரு குரல். இரண்டு பேர் எழும்பி வெளியே போனார்கள், போகட்டும். மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். பெயர் தெரியாதவர்களை வீட்டின் நிறத்தை வைத்துச் சொன்னார்கள். எண்ணெய் வீணாகிறது என்று கணபதி போய் ஜெனரேற்றரை நிற்பாட்டினான், அதற்குப் பிறகும் சொன்னார்கள்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருந்த நாலு சந்தேக நபர்களையும் வெட்டிவிட்டேன். கீழே இன்று சொன்ன பெயர்களை எழுதியிருக்கிறேன். நாற்பத்தொன்று. இன்னும் இடம் இருக்கிறது.