தோள் தனியாக இல்லை

திருப்பதி
12.8.2003

குவைத்தில் இருக்கும் அம்மாவுக்கு,

பளு தூக்கித் தூக்கியே என் வலது தோள் தேய்ந்துவிட்டதாம். ஆறு மாதம் ஓய்வு என்றார் டாக்டர். சனிக்கிழமை மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அதனால் ஏழுமலையான் உண்டியலில் வெள்ளித் தோள் போடுவதாக வேண்டிக்கொண்டேன்.

அலிபிரி மலையடிவாரத்தில் வெள்ளி உறுப்புகள் விற்கும் கடைக்காரர் சிரித்தார். "தோளு தனியா இல்லம்மா. கைய வாங்கிக்கோ. தோளும் அதுலதான ஒட்டிக்கினு கீது?"

முழுக் கையையும் போட்டுவிட்டு வந்தேன்.

வலி போய்விட்டது. கிள்ளினாலும் தெரியவில்லை. நேற்று நான் மூச்சிழுக்கும் முன்பே கம்பி தலைக்குமேல் நின்றது. கோச் கைதட்டினார். இறக்க நினைத்தேன். வலது கை இறக்கவில்லை.

இதை எழுதுவதும் அந்தக் கைதான். 'நன்றாக இருக்கிறேன், நீ வர வேண்டாம்' என்று முடிக்கத்தான் சொன்னேன். கேட்கவில்லை.

அம்மா, வந்துவிடு.

உன் மகள்