வெல்டிங் கடனும் உன் காதும்

இன்று காலை தண்டையார்பேட்டையில் ஒரு கொல்லன் பட்டறையைத் தாண்டும்போது, பழுத்த இரும்பைத் தண்ணீரில் முக்கிய வாசனை வந்தது. நீ பக்கத்தில் நடந்து வருவதாக நினைத்துக் கையைத் தூக்கி ஜாடை காட்டிவிட்டேன். பட்டறைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

திருவொற்றியூர் பாய்லர் ஷெட்டில் பதினொரு வருஷம் நாம் ஜோடியாக ரிவிட் அடித்துத் தகடுகளை இணைத்தோம். நான் வெளியே சம்மட்டியோடு நிற்பேன். நீ பாய்லருக்குள் படுத்துக்கொண்டு, பழுத்த ரிவிட்டின் தலையை இரும்புக்கட்டையால் தாங்கிப் பிடிப்பாய். "உன் தொப்பை உள்ள நொழையாது நைனா, நானே போறேன்" என்பாய். நான் அடித்த ஒவ்வோர் அடியும் உள்ளே உன் காதில்தான் விழுந்தது. அந்த இரைச்சலில் அங்கே எல்லோருமே ஜாடையில் பேசியதால், உனக்குக் காது போனதை நீயும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும் கண்டுகொள்ளவில்லை. வெளியாட்கள் பேசினால் உதடு அசைவதைப் பார்த்தே பதில் சொல்லிவிடுவாய்.

பிறகு ஒருநாள், இனி பாய்லரெல்லாம் வெல்டிங்தான், அது தெரியாதவர்கள் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். வெல்டிங் கற்க ஆறு மாதம் சம்பளமில்லாமல் போகவேண்டும். அதுவரை வீட்டில் அடுப்பெரிய சர்க்கார் கடன் தருகிறது என்றார்கள். இருவரும் மனுப் போட்டோம். கூப்பிட்டார்கள். ராயபுரத்தில் பஸ் ஏறிக் கடன் ஆபீசுக்குப் போனோம்.

அதிகாரி குனிந்த தலை நிமிராமல் உன்னைக் கேள்வி கேட்டார். உதடு தெரியாமல் நீ தவித்தாய். பக்கத்தில் நின்ற நான், ஷெட்டில் செய்வதைப் போலவே, கேள்வியைக் கையால் காட்டினேன். நீ டாண் டாண் என்று பதில் சொன்னாய். மூன்றாவது கேள்வியில் அவர் நிமிர்ந்தார்.

"என்னய்யா ஜாடை காட்டறே? அவனுக்குக் காது கேக்காதா?"

"எங்க ஷெட்ல அல்லாரும் இப்டித்தான் பேசிப்போம் சார்."

"அப்போ உனக்கும் கேக்காதா?"

"எனக்கு நல்லா கேக்குது சார்" என்றேன், அவசர அவசரமாக.

அவர் உன் மனுவில் ஏதோ எழுதி ஓரமாக வைத்தார். வெளியே வந்ததும், "இன்னா சொன்னாரு நைனா?" என்று கேட்டாய். "சொல்லி அனுப்புவாங்களாம்" என்று, உனக்கு உதடு தெரியும்படி திரும்பி நின்று பொய் சொன்னேன்.

எனக்குக் கடன் வந்தது. நீ ஹார்பரில் மூட்டை தூக்கப் போனாய். உன் பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டேதான் வந்ததாம்.

"அன்னிக்கு ஆபீஸ்ல இன்னாண்ணா ஆச்சு?" என்று உன் காரியம் முடிந்ததும் உன் மனைவி கேட்டாள். நான் ஜாடை காட்டினதுதான் தப்பாகிப்போனது என்று அழுதேன். அழுகை நிஜம்தான். ஆனால் சொன்னது பாதிதான். அன்று பஸ்ஸில் நீ என்னிடம் சொன்னாய்: "வெல்டிங்குக்குக் காது இன்னாத்துக்கு? கண்ணு கீது, கை கீது, போதும்." அதை அப்படியே அந்த அதிகாரியிடம் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. உன் மனுவுக்கு அடுத்தது என் மனு. வாயை மூடிக்கொண்டேன்.

அவள் இன்றும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறாள்.