உன் ஈசாவும் என் இயேசுவும்

என் அன்பு மாப்ள அப்பாஸ்,

நீ இல்லாத பஸ்ஸில் விருதுநகருக்கும் சிவகாசிக்கும் போய் வந்துகொண்டிருக்கிறேன். முன்பெல்லாம் ஆமத்தூர் வருவதற்குள் நமக்குள் சண்டை தொடங்கியிருக்கும். இப்போது ஜன்னலோரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன்மேல் கோபம்தான். நெஞ்சுவலி என்று நீ பாட்டுக்குப் போய்விட்டாய். உன்னைப் பற்றிப் பேசப்போய் நான் மாட்டிக்கொண்டேன்லே.

நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

நம் பிரஸ்ஸில் உனக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பட்டாசு லேபிள் ஆர்டர் குவிந்து கிடந்தும் முதலாளி மிஷின்களை நிறுத்தச் சொன்னார். உன் மகள் நிலோபரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முதலாளி பேசினார். "அப்பாஸும் ஞானராஜும் ஒரே மிஷின்ல நின்னாக. அல்லான்னாலும் இயேசுன்னாலும் எல்லாம் ஒண்ணுதானப்பா" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

நல்ல மனசோடு சொன்னார், தெரியும். ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாம் ஒன்றுதான் என்றால் நாம் இத்தனை வருஷமும் எதற்குத் தொண்டை வறளக் கத்தினோம்? உன் ஐந்து வேளைத் தொழுகையும் என் ஜெபமும் அவ்வளவு லேசாகப் போயிற்றா? மைக்கை வாங்கினேன்.

"ரெண்டு பேரும் ஒரே வீட்டுலருந்துதான் கிளம்புறோம்" என்றேன். "நான் ஆபிரகாம்பேன், அவன் இப்ராகிம்பான். பலி கொடுக்கக் கூட்டிப்போன மகன் ஈசாக்குன்னு என் வேதம் சொல்லுது. இஸ்மாயில்னு அவன் சொல்லுவான். மரியாள் கன்னியா இருந்து பெத்தாங்கிறதுல எங்களுக்குள்ள சண்டையே கிடையாது. அவன் குரான்ல மரியம் பேர்லயே ஒரு அத்தியாயம் இருக்கு. இயேசு திரும்பி வருவார்ங்கிறதுலயும் சண்டை இல்ல. நடுவுலதான் அம்புட்டுச் சண்டையும்."

அந்த நடுவையும் சொன்னேன். எனக்கு அவர் தேவகுமாரன், என் பாவத்துக்காகச் சிலுவையில் மரித்து உயிர்த்தெழுந்தவர். உனக்கு அவர் ஈசா நபி. ஆண்டவனுக்கு மகனும் இல்லை, இணையும் இல்லை. அவரைச் சிலுவையில் கொல்லவே இல்லை, இறைவன் தன்னிடம் உயர்த்திக்கொண்டான். "அறுநூறு வருஷம் கழிச்சு மக்காவுல ஆரம்பிச்சதுதானலே உங்க மார்க்கம்?" என்று உன்னைச் சீண்டினதையும், "ஆரம்பிக்கலைலே. ஆதாம் காலத்துலருந்து இருக்குறதத்தான் எங்க நபி முழுசாக்கினாக" என்று நீ சொன்னதையும் சொன்னேன்.

ஆதாம் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவர் தின்ன பழத்துக்கு என்னை ஏம்லே பாவிங்கற? அவர் மன்னிப்புக் கேட்டாரு, ஆண்டவன் மன்னிச்சான், சோலி முடிஞ்சுது" என்பாயே. "முடிஞ்சா நீ ஏம்லே இன்னும் முதலாளிட்ட பொய் சொல்லி லீவு எடுக்க?" என்று நான் கேட்பேன். கூட்டத்தில் அதைச் சொன்னதும் முதலாளியே சிரித்துவிட்டார். நிலோபர் அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் இரண்டு வீடியோக்கள் சுற்றின. யாரோ என் பேச்சை இரண்டாக வெட்டியிருந்தார்கள். ஒன்றில், "அவரைச் சிலுவையில கொல்லவே இல்ல" என்று நான் சொல்வது மட்டும். இன்னொன்றில், "அவர் தேவகுமாரன்" என்று சொல்வது மட்டும்.

முதலாவது எங்கள் சபைக்குப் போயிற்று. இரண்டாவது உங்கள் தெருவுக்குப் போயிற்று. "இழவுக்கு வந்த இடத்துல மதப் பிரச்சாரமா பண்ணீக?" என்று உன் தெருப் பையன் ஒருவன் போனில் சத்தம் போட்டான். சபைக் கமிட்டியில் உட்காரவைத்துக் கேட்டார்கள். "அது அப்பாஸ் நம்புனது, நான் நம்புறது இல்ல. முழுசாக் கேளுங்க" என்றேன்.

"முழுசாக் கேக்க யாருக்குய்யா நேரம் இருக்கு? ஞாயித்துக்கிழம சபை முன்னால தப்புன்னு சொல்லிருங்க" என்றார் பெரியவர் ஒருவர்.

எது தப்பு? நீ நம்பினதை நீ சொன்ன மாதிரியே சொன்னதா? முடியாது என்றேன். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளை விட்டதுதான் பெரிய வருத்தம், மாப்ள. ஒன்றுதான் என்கிறவர்களும் கேட்கவில்லை, ஒட்டவே ஒட்டாது என்கிறவர்களும் கேட்கவில்லை. நான் யாரிடம்தான் பேசுவது?

அப்புறம் உன் வீட்டுக்காரி சபுரா போன் செய்தாள்.

"அண்ணே, அவுக போனதுக்கு இத்தாவுல இருக்கேன், நாலு மாசம் பத்து நாள் வெளிய வர முடியாது. அதான் போன்ல. நிலோபர் உங்க பேச்ச முழுசா வீடியோ எடுத்துட்டு வந்துச்சு, கேட்டேன். அவுக பேசுற மாதிரியே இருந்துச்சு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவளே தொடர்ந்தாள்.

"ஒண்ணு சொல்லுறேன், தப்பா நினைக்காதீக. தொழுதுட்டு உங்களுக்காக துஆ கேப்பாக. இம்புட்டு நல்லவன் ஈமானுக்கு வர மாட்டேங்கானேன்னு அழுவாக."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானும் உனக்காக அதே ஜெபத்தைத்தான் செய்துகொண்டிருந்தேன், அப்பாஸ். இவன் என் ஆண்டவரை அறியாமல் போய்விடக்கூடாதே என்று. அதைச் சபுராவிடம் சொன்னேன்.  அவள் மூக்கை உறிஞ்சியபடி, "ரெண்டு பேரும் ஒரே பிடிவாதம்ணே" என்றாள்.

நம் இருவரில் யார் சொன்னது சரி என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குச் சொல்ல வழியில்லையே. நான் இன்னும் என் இயேசுவைத்தான் நம்புகிறேன். அதில் ஒரு சொல்லைக்கூட உனக்காக விட்டுத்தர மாட்டேன். ஆனால் உன் ஈசாவைப் பற்றி யார் கேட்டாலும், எந்தச் சபையில் நிறுத்திக் கேட்டாலும், நீ சொன்னதில் ஒரு சொல்லைக்கூடக் குறைக்காமல் சொல்லுவேன். இது சத்தியம்லே.

எதிர்க்கட்சி இல்லாமல் தவிக்கும்
உன் மாப்ள,
ஞானராஜ்