கடைக்கு அளந்த இடம்

நற்பிட்டிமுனை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அஸ்கியின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கட்டாரில் உங்கள் உடம்புக்கும் தொழிலுக்கும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். அஸ்கி இப்போதுதான் உறங்கினான். பகலில் இருமல் இல்லை. படுத்தால் நெஞ்சு கரகரக்கிறது. நாளைக்கும் குறையாவிட்டால் டொக்டரிடம் கொண்டுபோவேன். நீங்கள் யோசிக்க வேண்டாம், யோசிக்க நான் இருக்கிறேன்.

போனில் சொன்னால் பாதியில் குறுக்கே கதைப்பீர்கள். அதனால்தான் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

சிவரூபினியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? தகப்பனின் ஊர் வீரமுனை. இந்தியாவில் அகதி முகாமில் பிறந்து, அங்கேயே புருசனைப் பறிகொடுத்து, இரண்டு பெண்பிள்ளைகளோடு திரும்பி வந்தவள். எங்கள் மாதர் சங்கம் அடுப்பும் மேசையும் எடுத்துக் கொடுத்தது. இடம்தான் கிடைக்கவில்லை. நமது முன்வளவில் றோட்டோரமாக, நீங்கள் வந்து கடை போடுவதற்கு அளந்து முளை அடித்துவிட்டுப் போன இடத்தில் நிற்கச் சொன்னேன். வளவு உனக்குச் சீதனமாத் தந்ததுதானே, ஆரிட்டக் கேக்கணும் என்கிறா உம்மா. எனக்குக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது.

அவள் சுடுவது குழிப்பணியாரம். பக்கத்து வீட்டு சுஹறா மாமி முதல் நாளே வந்து, இதென்ன புள்ள, சின்னப் பொடியனுகள் உருட்டி விளையாடுற போளையைச் சுட்டு விக்கிறாயா என்று கேட்டா. வாயில போட்டு உருட்டிப் பாருங்கம்மா என்றாள் அவள். இப்போது அசர் தொழுதுவிட்டு வருகிறவர்கள் மாமிக்கு மிச்சம் வைப்பதில்லை.

மாரி தொடங்கிவிட்டது. நாலு கால் நட்டுத் தறப்பாள் கட்டு என்றேன். அண்ணன் வந்தா கடை போடணும்ல, குழி தோண்டிட்டா அப்புறம் எடுக்க மனசு வராதுக்கா என்கிறாள். நேற்றைய மழையில் அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையால் மாவுச்சட்டியை மூடிக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் இரண்டும் மேசைக்குக் கீழே. உங்கள் முளை ஒன்றைக்கூட அசைக்கவில்லை.

நீங்கள் சொன்னால்தான் நடுவாளாம்.

யோசிப்போம் என்று நீங்கள் சொன்னால் அவள் நனைவாள். உடனே ஓம் என்று சொல்லிவிட்டாலோ எனக்குப் பயம். அந்த இடம் இனி உங்களுக்குத் தேவையில்லை என்றாகிவிடாதா?

ஆகவே இப்படிச் செய்யுங்கள். கால் நடச் சொல்லுங்கள். பிறகு நீங்களே வந்து பிடுங்குங்கள். அவளை எங்கே மாற்றுவது என்று அன்றைக்கு நாம் இரண்டு பேரும் நல்லாச் சண்டை பிடிப்போம்.

அந்தச் சண்டையை அல்லாஹ் நமக்குக் கெதியாக நாடட்டும்.

உங்கள்,
அஸ்பியா