ஆற்றோரக் குடோன்

பிப்ரவரி 8, சனி
லாஜிஸ்டிக்ஸ், சப்ளை செயின் முதுகலை, பகுதி நேரம்; இது கடைசி செமஸ்டர். வாரம் முழுக்கப் பெயிண்ட் டப்பா லாரிகளை அனுப்பிவிட்டு, சனி ஞாயிறில் அதே லாரிகளைக் கரும்பலகையில் அனுப்புகிறோம். கரும்பலகையில் டயர் வெடிப்பதில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு
ஆய்வுக்கு எங்கள் கம்பெனியின் இரண்டு குடோன்களையே எடுத்துக்கொண்டேன். நான் இருப்பது பெரியது. ஆற்றோரச் சின்ன குடோனுக்கு அத்தான் பொறுப்பாளர். அக்காவைக் கல்யாணம் செய்த புதிதில் எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. "என்ன தகவல் வேணுமோ கேளு, அள்ளித் தர்றேன்" என்றார். தந்தார்.

மார்ச் 19, புதன்
மூன்று முறை சரிபார்த்தேன். சின்ன குடோன் தேவையில்லை. இங்கிருந்து போகும் சரக்கு அங்கே இறங்கி, மறுபடி ஏறி, எங்கள் வாசலைத் தாண்டித்தான் கடைகளுக்குப் போகிறது.

மார்ச் 20
வேறு தலைப்பு எடுக்கலாமா? எடுத்தால் மட்டும்? தெரிந்தது தெரியாமல் போய்விடுமா?

மார்ச் 30, ஞாயிறு
ஒப்படைக்கும் முன் ஆய்விலிருந்த வரைபடங்களை, இப்போதுள்ளதையும் நான் சொல்வதையும், அத்தானிடமே காட்டினேன். அக்கா பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.
"இந்தப் புள்ளிதான் என் குடோனா?"
"ஆமா அத்தான்."
பக்கத்தைத் திருப்பினார். "இதுல புள்ளியே காணோம்?"
அக்கா மடித்த துணியைக் கீழே போட்டாள். "கேட்டதெல்லாம் குடுத்தாரே, அதை வச்சே அவருக்குக் குழி தோண்டுறியா? உனக்கு வேலை வாங்கிக் குடுத்த மனுஷன்டீ!"
"அவ கணக்குல தப்பில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு அத்தான் டிவியைப் போட்டார். சத்தம் வைக்கவில்லை.
கிளம்பும்போது யாரும் "போயிட்டு வா" சொல்லவில்லை.

ஏப்ரல் 12, சனி
ஓர் அத்தியாயம் சேர்த்திருக்கிறேன்: இரண்டாவது ஷிஃப்ட் போட்டு அங்குள்ள ஆட்கள் எல்லோரையும் இங்கே எடுத்துக்கொள்ளலாம் என்று. பேராசிரியர் உதட்டைப் பிதுக்கினார். "இது தலைப்புக்கு வெளிய போகுதும்மா. எடுத்துடுங்க. மார்க் குறையும்."
"குறையட்டும் சார்."
வெளியே வந்தபின் என்னையே திட்டிக்கொண்டேன். பெரிய இவளாடி நீ? அக்காவும் போச்சு — மார்க்கும் போச்சு.

ஏப்ரல் 13
அக்கா போன் எடுக்கவில்லை.

மே 17, சனி
தேறிவிட்டேன். சுமாரான மார்க்.

ஜூன் 9, திங்கள்
கம்பெனி மேலாளர் ஆய்வைக் கேட்டார். சாக்குச் சொல்லியிருக்கலாம். கொடுத்தேன். படித்துவிட்டுக் கூப்பிட்டார்.
"மூடுறது வரைக்கும் சரி. ஆளுங்க விஷயத்தை அப்புறம் பாத்துக்கலாமே?"
"சார், அந்த லோடும் இங்கதான் வரப்போகுது. ஏத்தி இறக்க ஆள்? செஞ்சா முழுசா செய்யுங்க. இல்லன்னா விட்டுடுங்க."
என் குரல்தானா அது?

செப்டம்பர் 1, திங்கள்
ஆற்றோரக் குடோனை மூடியாயிற்று. ஆட்கள் ஒருவர் விடாமல் இங்கே வந்துவிட்டார்கள். பொறுப்பாளர் பதவிதான் இங்கே இன்னொன்று இல்லை. அத்தானுக்குச் சரக்கேற்றும் மேடையின் மேற்பார்வை. அவர் வேலை பார்க்கும் புதிய இரண்டாவது ஷிஃப்டுக்கு நான் தலைமை.
அவர் உள்ளே வந்ததும் எழுந்துவிட்டேன். உட்காரச் சொல்லிக் கை காட்டினார். எல்லோர் எதிரிலும் கேட்டார்: "மேடம், எந்த வண்டி முதல்ல?"
தார்ப்பாய் கிழிந்த வண்டியைச் சொன்னேன். மழை வரும்போல் இருந்தது. அதையே முதலில் ஏற்றி அனுப்பினார்.
சாயங்காலம் அக்காவிடமிருந்து போன்.
"அவர் சாப்பிட்டாரா?"
"சாப்பிட்டார்க்கா."
நான் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை. உடனே வைத்துவிடவும் இல்லை.